விடுங்கண்ணே

முதலில் ஒரு திருத்தம். குழுவுக்கு 'கட்டிங் வேஸ்ட்' என்ற பெயரை வைத்தது ராஜபாண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். வைத்தது நான். சின்ன விஷயம்தான், இருந்தாலும் அச்சில் ஏறுவது சரியாக இருக்கட்டுமே. டீ சொல்லியிருக்கிறேன், வந்துவிடும். அந்த ஃபேனைக் கொஞ்சம் உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள் தம்பி.

கோயமுத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்து ஒரு ராக் குழுவைப் பற்றி எழுத வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே, அதற்கு நன்றி. நீங்கள் எழுதிக் கொண்டுவந்ததைப் படித்தேன். நன்றாகவே இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் மட்டும், 'விதி குறுக்கிட்டது. கிட்டார் கலைஞரின் கணநேரக் கவனக்குறைவால் குழு கலைந்தது' என்று போட்டிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. நான் பிள்ளை மாதிரி வளர்த்த ஒன்றை விதி வந்து முடித்து வைத்ததாமா? விதிக்கு எங்கள் கம்பெனியில் என்ன வேலை? அந்த ரெக்கார்டர் ஓடட்டும், நிறுத்த வேண்டாம். நான் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நாங்கள் தறிக்காரக் குடும்பம். அப்பா காலத்தில் தறியை விட்டுப் பனியனுக்கு மாறினோம். வீட்டில் ஆண்களுக்கெல்லாம் முருகன் பெயர், எனக்குச் சிவசுப்பிரமணியம். பி.காம். முடித்து வந்ததும் அப்பா என்னைக் கம்பெனியில் உட்கார வைத்தார். 2003-ஆம் வருஷம் என்று நினைக்கிறேன். உட்கார்ந்த இடத்தில் மேசையைத் தட்டிக்கொண்டே இருப்பேன். கடைசியில் ஒரு ட்ரம் செட் வாங்கித் துணி குடோனில் போட்டேன். சுற்றிலும் கூரை வரை துணி உருளைகள் அடுக்கியிருக்கும், எவ்வளவு அடித்தாலும் சத்தம் தெருவுக்குப் போகாது. அப்பா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "கூத்தாடியாத்தான் போவேன்னா எதுக்குக் கண்ணு காலேசுக்கு அனுப்புனேன்?" என்றார். அதோடு சரி, தடுக்கவில்லை.

ராஜபாண்டி அந்த வருஷம்தான் கோவில்பட்டிப் பக்கமிருந்து அம்மாவோடு வந்தான். கட்டிங் மேசையில் ஹெல்ப்பராகச் சேர்ந்தான். அவர்கள் குடியிருந்த லைன் வீட்டுக்குப் பின்னால் இருந்த சர்ச்சில் ஒரு பழைய கிட்டார் சும்மா கிடந்திருக்கிறது. நம்ம சாமி கும்பிடுகிற பையனாக இருந்தும் பாதிரியார் அவனுக்கு அதை வாசிக்கக் கொடுத்திருக்கிறார். ஒருநாள் மதியம், துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷின்கள் மொத்தமாக ஓடிக்கொண்டிருந்தபோது, அவன் துணியை விரித்தபடியே அந்தச் சத்தத்தின் மேல் ஒரு மெட்டை முனகிக்கொண்டு போனான். நான் நின்றுவிட்டேன். இந்த ஊரில் அந்த மெஷின் சத்தத்தைக் கேட்காத காது கிடையாது. அதைப் பாட்டாகக் கேட்ட காது அவனுடையது ஒன்றுதான். அவனைக் கண்டுபிடித்தது நான் என்று சொன்னால் தற்பெருமை இல்லை, நடந்தது அது.

அவனுக்கு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கித் தந்தேன். பக்கத்து பிரிண்டிங் யூனிட்டில் கணக்கு எழுதிய ராஜ்கமலைப் பேஸ் கிட்டாருக்குப் பிடித்துப்போட்டேன். வெட்டிப்போட்ட துணித் துண்டுகளை மூட்டை கட்டி விற்பார்களே, அதற்கு இங்கே கட்டிங் வேஸ்ட் என்று பெயர். மூன்று பேருமே வீட்டுக்கு அப்படித்தான் என்று சொல்லி அந்தப் பெயரை வைத்தேன். ரிஜெக்ட் ஆன எக்ஸ்போர்ட் டீஷர்ட்டில் பெயரை அச்சடித்துப் போட்டுக்கொண்டோம்.

முதலில் வாசித்தது எங்கள் கம்பெனி ஆயுத பூஜையில். ராஜபாண்டி எழுதிய பாட்டு:

'ஓ.டி. பாத்தும் ஒறக்கம் வரல,
ஓவர்லாக்கு காதுக்குள்ள நிக்கல.'

ஓ.டி. என்றால் ஓவர்டைம். இவ்வளவுதான் பல்லவி. செக்கிங் செக்‌ஷன் பெண்கள் பொரியும் சுண்டலும் கையில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். தமிழே தெரியாத பீகார்ப் பையன்கள் சேர்ந்து கத்தினார்கள். சேவூரில் ஒரு கோயில் விழாவுக்கு லைட் மியூசிக் என்று நினைத்து எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டாவது பாட்டிலேயே ஒரு பெரியவர் மேடை ஓரம் வந்து, "ஏனுங்க, தகரக் கொட்டாயி உழுந்தாப்ல இதென்னுங்க சத்தம்? சித்தெ நிறுத்துனீங்கன்னா சாமிக்குத் தீவாரனை காட்டிப்போடலாமுங்க" என்று மரியாதையாகக் கேட்டார். ராஜபாண்டி மைக்கிலேயே, "சரிங்கய்யா, சாமி முழிச்சதும் சொல்லுங்க, மிச்சத்தைப் பாடுதோம்" என்றான். பெரியவரே சிரித்துவிட்டார். அவனிடம் அது உண்டு, யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டான்.

பிறகு காலேஜ் விழாக்கள், கோவையில் ஒரு சிடி. பல்லடம் போகிற தனியார் பஸ்களில் எங்கள் சிடி ஓடியது. ஷிப்ட் முடிந்து தொங்கிக்கொண்டு போகிற கூட்டம் பல்லவியைக் கோரஸாகப் பாடியதை நானே படியில் நின்று கேட்டிருக்கிறேன். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? என் கல்யாணத்தில்கூட எனக்கு அப்படி இல்லை.

இப்போது எங்கள் கம்பெனி வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதாமல் விட்டது அதுதான்.

2008-இல் கரண்ட் எப்படிப் போனது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வருவதும் போவதுமாக இருந்தது. ஜெனரேட்டரைக் கிளப்பி, சுவரில் இருக்கிற லீவரை இழுத்தால்தான் மெஷின்களுக்குக் கரண்ட் லைன் போகும். கரண்ட் போனதும் அவரவர் மெஷின் சுவிட்சை அணைக்க வேண்டும் என்பது சட்டம். கட்டிங் மாஸ்டர்கள் அணைக்க மாட்டார்கள். கட்டிங் மெஷினின் கத்தி துணி அடுக்குக்குப் பாதியில் நிற்கும். லைன் வந்ததும் விட்ட இடத்திலிருந்து போக வேண்டும். அந்த இடைவெளியில், கையில் மாட்டுகிற இரும்பு வலைக் கிளவுஸைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கத்தியடியில் சேர்ந்த பஞ்சை விரலால் எடுப்பார்கள். இதனால் ஒரு பழைய மாஸ்டரின் நகம் போயிற்று. அதன்பிறகு அப்பா ஒரு கட்டளை போட்டார். ஜெனரேட்டர் போடுகிறவன், "உடட்டுமா?" என்று கத்த வேண்டும். ஒவ்வொரு செக்‌ஷனும், "உடுங்க" என்று பதில் சொல்ல வேண்டும். கடைசி பதில் கட்டிங் மேசையிலிருந்து. மாஸ்டர் வாயால் சொல்லாமல் லீவரில் யாரும் கை வைக்கக்கூடாது, முதலாளியே ஆனாலும்.

எல்லாரும் "உடுங்க" என்று சொல்வோம். ராஜபாண்டி மட்டும் அவன் ஊர்ப் பேச்சில், "விடுங்கண்ணே" என்பான். அதற்குள் அவன் கட்டிங் மாஸ்டராகியிருந்தான். பெண்கள் அவனைப் போலவே சொல்லிக் கிண்டல் செய்வார்கள். அவனுக்கு அது பேச்சோடு ஊறிய சொல். எங்களுக்குள் எந்தச் சண்டை வந்தாலும், பாட்டு விஷயமோ சம்பள விஷயமோ, கடைசியில் அவன்தான் இறங்கி வருவான். "சரி, விடுங்கண்ணே" என்பான். அதோடு முடிந்தது. மனதில் வைத்துக்கொள்ள மாட்டான். நான் வைத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் சென்னையில் ஒரு போட்டிக்குப் போனோம். பரிசு கிடைத்தது. மேடையிலிருந்து இறங்கியதும் ஸ்டூடியோக்காரர் ஒருவர் வந்து ராஜபாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த விரல்களை வைத்துக்கொண்டு பனியன் வெட்டுகிறாயா என்று கேட்டார். என்னை அறிமுகப்படுத்தினான். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தபடி, "ட்ரம்ஸ் மட்டும் கொஞ்சம் இழுக்குது சார்" என்றார். அதாவது தாளத்தில் பின்தங்குகிறேனாம். ராஜபாண்டி பக்கத்தில் நின்றான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரயிலில் திரும்பி வரும்போது எனக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தான்.

கொஞ்ச நாள் கழித்து டீக்கடையில் ராஜ்கமல்தான் வாய் தவறிச் சொன்னான். "பாண்டி மெட்ராஸுக்கே போறானாமாங்க. அந்த ஸ்டூடியோவுல கூப்புட்டுட்டாங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?" தெரியும் என்றேன். டீயைக் குடித்து முடித்தேன். டீ நன்றாகவே இருந்தது.

நீங்கள் என்னைப் பார்க்கிற பார்வை புரிகிறது. பொறாமை என்று எழுதப்போகிறீர்கள். எழுதுங்கள், ஆனால் நியாயத்தையும் எழுதுங்கள். குடோன் என்னுடையது, வாத்தியம் என்னுடையது, அப்பாவிடம் ஏச்சு வாங்கியது நான், ஊர் ஊராக வேன் ஓட்டியது நான். வெறுமனே முனகிக்கொண்டிருந்தவனை மேடையில் நிறுத்தியதும் நான். ஏறி முடித்ததும் ஏணியைத் தள்ளிவிட்டுப் போகலாமா? போகாதே என்று நான் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. கெஞ்சுவது எங்கள் குடும்பத்தில் பழக்கமில்லை. அவன் இல்லாமல் நான் என்ன ஆவேன் என்று மட்டும் யோசித்தேன். பனியன் கம்பெனி முதலாளி ஆவேன். அவ்வளவுதான். பஸ் படியில் நின்று கேட்ட அந்தக் கோரஸ் இனி எனக்குக் கிடையாது.

அன்று காலை டீ நேரம் முடிந்து கொஞ்ச நேரத்தில் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் பார்க்கிற வெள்ளையன் வழக்கம்போல அதைக் கிளப்பிவிட்டு லீவர் பக்கம் வந்தான். கடைவீதியில் ஊசி வாங்கி வா என்று அவனை அனுப்பினேன். ஊசி கையிருப்பில் நிறையவே இருந்தது. மாடியில் தையல் செக்‌ஷனுக்குக் குரல் கொடுத்தேன், "உடுங்க" என்றார்கள். செக்கிங் பெண்களும் சொன்னார்கள். பாக்கி இருந்தது கட்டிங் மேசை. அவனிடம் நான் "உடட்டுமா" என்று கேட்கவில்லை.

கிளவுஸ் ஆணியில் தொங்கியது. ராஜபாண்டி குனிந்து, இடது கை விரல்களால் பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தான். மெஷின் சுவிட்ச் அணைக்கவில்லை. ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் அவனுக்கும் கேட்டது. தான் சொல்லாமல் லைன் வராது என்று அவனுக்குத் தெரியும். நான் லீவர் பக்கத்தில் சுவரில் சாய்ந்தபடி பேச்சைத் தொடங்கினேன். சத்தம் போட்டுத்தான் பேச வேண்டியிருந்தது.

"மெட்ராஸுக்கு எப்பப்பா கெளம்பற?"

நிமிர்ந்து பார்த்தான். முகம் சுருங்கியது. "ராஜ்கமல் சொல்லிட்டானா? ஷிப்மென்ட் முடியட்டும்னு இருந்தேன்ணே. நடுவுல சொன்னா உங்களுக்குச் சங்கடம்."

"ஊருக்கெல்லாம் தெரிஞ்ச பொறவு கடைசியா எனக்கு. ரொம்ப நல்லா இருக்குதப்பா."

"அப்படி இல்லண்ணே. நீங்க வேண்டாம்னா நான் எப்படிப் போவேன்? உங்ககிட்ட கேட்டுட்டுதான் போகணும்னு அம்மாவும் சொல்லுச்சு."

"அந்தாளு நான் இழுக்கறேன்னு சொன்னானே, அப்ப நீ எதுக்குப்பா வாயவே தொறக்கலெ?"

மறுபடியும் குனிந்து பஞ்சை எடுத்தான். ஹெல்ப்பர்கள் இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள். "இப்ப எதுக்குண்ணே அது?"

"நான் இழுக்கறனா இல்லியா? நீ சொல்லு. நீதான பெரிய காது."

அவனுக்குப் பொய் வராது. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யோசித்துவிட்டு, "எப்பவாச்சும் கொஞ்சம் இழுக்கும்ணே. அதனால என்ன? உங்கள விட்டா எனக்கு யார் வாசிப்பா?" என்றான். என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். அவனுக்கு முன்பே எனக்குத் தெரியும். குனிந்துகொண்டே, சத்தமாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"சரி, விடுங்கண்ணே."

இழுத்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த முறை நான் கொஞ்சமும் பின்தங்கவில்லை.

நான்கு விரல்கள். கட்டைவிரல் தப்பியது. நான்தான் தூக்கினேன், என் சட்டையைக் கழற்றிச் சுற்றினேன், என் காரில்தான் கோவை ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் நான் அழுதேன் தம்பி. நடிப்பு இல்லை, நெஞ்சு வெடித்து அழுதேன். ராஜ்கமல் பின் சீட்டில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு வந்தான். அதன்பிறகு அவன் என்னோடு பேசவில்லை. இப்போது பெங்களூரில் இருக்கிறான் என்று கேள்வி. அவனிடமும் போய்க் கேளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

விசாரிக்க அதிகாரிகள் வந்தார்கள். மாஸ்டர் சொன்னாரா என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். "ஆமாங்க, அவரேதானுங்க 'விடுங்க'ன்னு சொன்னாரு, எங்க காதால கேட்டோமுங்க" என்றார்கள் ஹெல்ப்பர்கள். செக்கிங் பெண்களும் அதையே சொன்னார்கள். ஒருத்தரும் பொய் சொல்லவில்லை. யாருக்கும் நான் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ராஜபாண்டியே, "அண்ணனக் குத்தம் சொல்லாதீங்க. நான்தான சொன்னேன். என் வாய்தான் எனக்கு எமன்" என்றான். கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார்கள். நீங்களும் அதைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

அவன் சொன்னது எந்த 'விடுங்க' என்று எனக்குத் தெரியாதா என்று கேட்க நினைக்கிறீர்கள். தெரியும். பேச்சை விடுங்கள் என்றான். லைனை விடுங்கள் என்று சொல்லவில்லை. அவன் விரல் எங்கே இருந்தது என்றும் தெரியும், பார்த்துக்கொண்டேதான் இழுத்தேன். வெள்ளையனை அதற்காகத்தான் அனுப்பினேன். அந்தச் சொல் வருகிற வரைக்கும் அவனைச் சீண்டினேன். வராமல் போயிருந்தால் இழுத்திருக்க மாட்டேன்; வழக்கத்தை மீறுகிற ஆள் நான் இல்லை. இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கிட்டாரில் நரம்பை அழுத்துவது இடது கை. போனது அதுதான். சோற்றாங்கை பத்திரமாக இருக்கிறது, ஒருத்தர் ஊட்டிவிட வேண்டிய நிலையில் அவனை நான் வைக்கவில்லை. கெட்டவனாக இருந்தால் இதையெல்லாம் யோசிப்பேனா?

வருத்தமா என்று கேட்டால், வலித்ததே என்று வருத்தம். செய்ததற்கு இல்லை. சென்னையில் அவனை என்ன செய்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? கரும்புச் சக்கைதான். பத்துப் பேரில் ஒருத்தனாக யாரோ பாடுகிற பாட்டுக்கு வாசித்துவிட்டு, ராத்திரி ஏதாவது மேன்ஷனில் படுத்திருப்பான். இங்கே அவன் கட்டிங் இன்சார்ஜ், தனி மேசை, தனி நாற்காலி. நதியா என்கிற பெண்ணைப் பேசி அவனுக்குக் கல்யாணம் முடித்து வைத்தது நான், மாப்பிள்ளைக்குச் சட்டை எடுத்தது நான். அவன் அம்மா கருத்தம்மா என் காலில் விழப் பார்த்தது. "என் புள்ளைய நீங்கதான் கரையேத்துனீக சாமி" என்றது. பெரியவர்கள் காலில் விழலாமா என்று நான்தான் தடுத்துத் தூக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் குடோனுக்கு வருவான். நான் ட்ரம்ஸ் வாசிப்பேன், அவன் எதிரில் துணி உருளை மேல் உட்கார்ந்து கேட்பான். பாடச் சொன்னால் பாட மாட்டேன் என்கிறான். முன்பு மாதிரி பேசுவதும் இல்லை, வாயைத் திறக்கவே பயப்படுகிறான். வாசித்து முடித்ததும், நன்றாக இருக்கிறதா என்று கேட்பேன். நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டுவான். இப்போதெல்லாம் நான் இழுப்பதில்லை என்று நினைக்கிறேன். இழுத்தால் அவன் சொல்லியிருப்பான், அவனுக்குத்தான் பொய் வராதே.

அவ்வளவுதான். திருத்திக்கொள்ளுங்கள். விதி, கவனக்குறைவு இரண்டையும் அடித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள், முழுப் பெயராகவே போடுங்கள். போலீசுக்குப் போவதானாலும் போங்கள். ரெக்கார்டரில் எல்லாம் இருக்கிறது, நான் மறுக்கப்போவதில்லை. எனக்கு யாரிடமும் பயம் கிடையாது.

ஒன்றே ஒன்று. போகும்போது கட்டிங் மேசை வழியாகத்தான் போக வேண்டும், ராஜபாண்டி அங்கே இருப்பான், என்ன பேசினீர்கள் என்று கேட்பான். அவனிடம் மட்டும் இதைச் சொல்லாதீர்கள். எனக்காகக் கேட்கவில்லை. அவனுக்கென்று இந்த ஊரில் இருக்கிற ஒரே துணை நான்தான், அதையும் அவனிடமிருந்து பிடுங்கிவிட்டால் அவன் என்ன செய்வான், பாவம்.